பால் வடியும் நேரம்

என் மனைவி பிரசீதா காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை ரப்பர் தோட்டத்தில் என்ன செய்கிறாள் என்ற கேள்வியை முதலில் கேட்டது நான் அல்ல, என் அக்கா லீலாபாய். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ரப்பர் வெட்டைப் பற்றி அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரம் மரமாகப் பட்டையைச் சீவ வேண்டும். சீவின கோட்டில் பால் ஊறி, கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டும். கடைசி மரத்தை வெட்டி முடிக்கும்போது மணி ஏழே முக்கால் ஆகிவிடும். ஆனால் பாலை உடனே எடுக்க முடியாது. சொட்டு நிற்க இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை வெட்டுகிறவருக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. பிறகு பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் கலந்து உறைய வைத்து, முந்தின நாள் உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட் அடித்தால் அன்றைய பாடு முடிந்தது.

எங்கள் ஊரான பெருங்கடவிளைக்குக் கிழக்கே ரோசம்மாவின் அறுநூறு மரங்களை, நாளுக்கு முன்னூறாகப் பதினைந்து வருடம் நான்தான் வெட்டினேன். நாலு வருடத்துக்கு முன்னால் பால் வாளியோடு பாறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் போயிற்று. கை இப்போதும் தோளுக்கு மேலே எழும்பாது. தோட்டத்தை வேறு ஆளுக்கு விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பிரசீதா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நெய்யாற்றின்கரையில் பெண்களுக்கு நடந்த வெட்டுப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மாதத்தில் என் கத்தி அவள் கைக்குப் போனது. நான் ஒரு பழைய ஆட்டோ வாங்கி ஸ்டாண்டில் போட்டேன். எனக்கு வாய் நன்றாக ஓடும். அதனால் ஆட்டோவும் ஓடிற்று.

அவள் வெட்டு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுக் காயம் விழும். காயம் விழுந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. என் பதினைந்து வருடத்தில் எத்தனையோ மரங்களில் காயம் விழுந்திருக்கிறது. அவளுடைய நாலு வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ரோசம்மா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

அந்த நாலு வருடமும் பால் வடிகிற நேரத்தில் பிரசீதா வீட்டுக்கு ஓடி வருவாள். தோட்டத்திலிருந்து பத்து நிமிட இறக்கம். வந்ததும் அடுப்பு. எனக்கும் மகள் அனகாவுக்கும் தோசை சுடுவாள். அனகா பாறசாலையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு மதியச் சோற்றைக் கட்டிக் கொடுப்பாள். கோழியைத் திறந்துவிடுவாள், துணியை அலசிப் போடுவாள், கடைசியில் நின்ற நிலையில் இரண்டு தோசையைத் தின்றுவிட்டு மறுபடி மேட்டில் ஏறுவாள். நான் வெட்டிய காலத்தில் பால் வடிகிற நேரத்தில் பொன்னையன் சாயாக்கடையில் இருந்தேன். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

போன ஓணம் கழிந்ததும் அவள் வருவது நின்றது. மூன்றே காலுக்கு எழுந்து தோசை, சோறு, கறி எல்லாம் முடித்து டப்பாவில் வைத்துவிட்டு, துணியையும் காயப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வருவது மதியம்தான். எந்த வேலையிலும் குறை இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, டப்பாவுக்குள் தோசை வேர்த்துப்போய் இருந்தது. அதைச் சொன்னேன். “ஓ” என்றாள். மறுநாளும் தோசை வேர்த்துத்தான் இருந்தது.

அக்காவின் வீடு தோட்டத்துப் பாதையை ஒட்டி இருக்கிறது. வீட்டின் பின்னால் தகர ஷெட் போட்டு, குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நாலு பேரோடு நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். வறுக்கிற இடத்திலிருந்து பாதை நேராகத் தெரியும். எண்ணெய்ச் சட்டியில் ஒரு கண் என்றால் பாதையில் ஒரு கண். ஐப்பசி மாதம் ஒரு நாள் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

“எலே ஜெயா, உனக்க பெண்டாட்டி வெட்டு முடிஞ்சும் எறங்கி வரல்ல. ரெண்டு மணிக்கூர் அங்க என்னத்த செய்யா?”

எனக்கு அப்படியெல்லாம் சந்தேகம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மதியம் பிரசீதாவிடம் கேட்டும் விட்டேன். “ஒண்ணும் செய்யல்ல, சும்மா இருப்பேன்” என்றாள். நான் நம்பவில்லை. இந்த ஊரில் யாராவது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்கள்கூடப் போனைத் தேய்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஏதாவது வியாதியை மறைக்கிறாளா, யாரிடமாவது போனில் பேசுகிறாளா, எனக்குத் தெரியாமல் வேறு யாருடைய மரத்தையாவது சேர்த்து வெட்டுகிறாளா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அக்கா எதையும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தாள். அவளுடைய கேள்விகள் அப்படித்தான், பாதி வேலையை நம் தலையில் விட்டுவிட்டுப் போகும்.

நாலாம் நாள் ஆட்டோவை வளைவில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகத் தோட்டத்தில் ஏறினேன். சருகில் சத்தம் வராமல் நடக்க எனக்குத் தெரியும், பதினைந்து வருடம் நடந்த இடம். ஓடையின் மேல் பக்கம் ஒரு பரந்த பாறை உண்டு. நான் விழுந்தேனே, அதே பாறைதான். அதில் ஒரு சாக்கை விரித்து பிரசீதா உட்கார்ந்திருந்தாள். பூட்சைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். தலையில் கட்டும் துண்டும் கத்தியும் வாளிக்குள் கிடந்தன. போன் வாளியின் மூடிமேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திசையில் ரப்பர் மரம் தவிர ஒன்றும் கிடையாது.

இருபது நிமிடம் நின்றேன். கொசு என்னைப் பிய்த்தது. அவள் ஒரு தடவை கால் விரலைச் சொறிந்தாள், ஒரு தடவை பிளாஸ்கிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா ஊற்றிக் குடித்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அழவில்லை, கும்பிடவில்லை, தூங்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வேறு எதையாவது கண்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமோ என்னவோ. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாத கோபம். நான் எதிர்பார்த்து வந்த எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

அப்போது என் போன் அடித்தது. செண்டை மேளத்தை வைத்திருக்கிறேன், ஸ்டாண்டு சத்தத்தில் கேட்க வேண்டுமே. பிரசீதா திரும்பிப் பார்த்தாள். ரோசம்மாவை ஏற்றிப் போக வந்தேன் என்று உளறினேன். ரோசம்மா நேற்றே ஒற்றசேகரமங்கலத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக அவள் சொன்னாள். நான் வந்த வழியே இறங்கினேன். இறங்கும்போது சருகு நன்றாகச் சத்தம் போட்டது.

அதோடு விட்டிருக்க வேண்டும். நான் செய்த பிழை அதற்குப் பிறகுதான். நேராக அக்காவின் ஷெட்டுக்குப் போய், சிப்ஸ் வறுக்கிற அத்தனை பெண்களின் காதிலும் விழும்படி, என் மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிற தோரணையில் சொன்னேன்.

“ஒரு சோலியும் இல்ல அக்கா. நான் கண்ணால கண்டேன். அங்க சும்மா இருக்கா, அவ்வளவுதான்.”

பிரசீதாவைப் பற்றி ஏதாவது கெட்ட பேச்சு கிளம்பியிருந்தால் ஊர் அதை நாலு நாள் மென்றுவிட்டுத் துப்பியிருக்கும். நான் கிளப்பிவிட்டது அதைவிட மோசமான செய்தி. பிரசீதாவிடம் தினமும் இரண்டு மணி நேரம் காலியாகக் கிடக்கிறது என்று அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காலியாக ஒரு புறம்போக்கு கிடக்கிறது என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் எல்லாரும் செய்தார்கள்.

முதல் வேலி அக்காவுடையது. காய் சீவ ஆள் போதவில்லை, சும்மாதானே இருக்கிறாள், வாரத்தில் மூன்று நாள் வரட்டும் என்றாள். அடுத்தது ரோசம்மா. மகன் ஜிஜோ துபாயில், வீட்டில் தனி. மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பேச்சுத் துணைக்கு இருந்தால் போதும் என்றார். தோட்டத்துக்காரி கேட்கும்போது என்ன சொல்ல முடியும்? அனகா, அம்மா காலையில் வந்து சூடாகத் தோசை சுட்டுத் தந்தால் என்ன என்று கேட்டாள். இல்லை என்ற சொல் பிரசீதாவின் வாயில் எளிதில் வராது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறவன் நான்தான்.

மிச்சம் கிடந்த நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். தனியாக உட்கார்ந்திருக்கிறாளே, மனதில் ஏதோ வருத்தம் போல, கூட இருப்போம் என்று நினைத்தேன். அன்பில்தான் நினைத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பொன்னையன் கடையிலிருந்து பொரோட்டாவும் சாயாவும் வாங்கிக்கொண்டு அந்தப் பாறைக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டாண்டில் நடந்த சண்டை, சவாரி ஏறினவன் சொன்ன கதை, பஞ்சாயத்து ரோடு போட்ட லட்சணம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பொரோட்டாவில் பாதியைத் தின்பாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ரோசம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்தின் கீழ் வரிசைக்கு என்னைக் கூட்டிப் போய் ஒரு மரத்தைக் காட்டினார். புதுக் காயம். பக்கத்து மரத்தில் இன்னொன்று. அந்த வரிசையில் பதினொரு மரத்தில் கத்தி தடியைத் தொட்டிருந்தது.

“பிரசீதாவுக்கு கண்ணு பிடிக்கல்லன்னு தோணுது. ஜிஜோ ஏற்கெனவே தோட்டத்த கான்ட்ராக்டுக்கு விடணும்னு பறையான். இத கண்டா நான் அவன்கிட்ட என்ன சொல்ல?”

தோட்டம் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு பாதி அணைந்த மாதிரி. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், இன்றே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று ரோசம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு ஷீட் அடிக்கிற இடத்துக்குப் போனேன். பிரசீதா மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளை ஷீட் உருளைக்கு அந்தப் பக்கம் நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைக் காட்ட வேண்டும், கிளம்பு என்றேன்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். கையை நிறுத்தவில்லை. “வெட்டும்போ அடுத்த சோலி தலையில ஓடுது. வாழைக்காய், பின்னே ரோசம்மாவுக்க மாத்திரை, பின்னே நீங்க. கை மரத்தில இருக்கு, நான் அங்க இல்ல.”

நானுமா என்று கேட்டேன். அவள் கைப்பிடியை விட்டாள்.

“நீங்க பதினஞ்சு வருசம் வெட்டினீங்க. பால் வடியது வரைக்கும் எங்க இருந்தீங்க?”

“பொன்னையனுக்க கடையில.”

“என்னத்துக்குன்னு ஒரு நாள் நான் கேட்டதுண்டா? ஆள் விட்டு பாத்ததுண்டா?”

உருளையிலிருந்து இறங்கின ஷீட்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

“எனக்கு அந்த ரெண்டு மணிக்கூர் வேணும். மிண்டாம, ஒரு வார்த்தை பேசாம இருக்கணும். யாரும் கூப்பிடாம, யாருக்க சோலியும் தலையில இல்லாம. என்னத்துக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.”

மறுபடியும் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடம், மழை நாள் தவிர எல்லா நாளும், பொன்னையன் கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சுற்று வட்டாரத்து வெட்டுக்காரர்கள் ஆறேழு பேர் இருப்போம். சில நாள் பேச்சு, சில நாள் பேச்சுகூட இல்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பது. எந்த வீட்டிலிருந்தும் யாரும் வந்து எதற்கு என்று கேட்டதில்லை. எங்கள் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எங்கள் வீடுகளில் தோசை சுடப்பட்டுக்கொண்டிருந்தது. அதையும் நாங்கள் போய்த் தின்றோம்.

சரி, கெடுத்தவன் நான், நானே நேராக்க வேண்டும். ஆனால் ஊருக்குக் கொடுத்துவிட்ட நேரத்தை எப்படித் திரும்ப வாங்குவது? உடம்பு சரியில்லை, டாக்டர் ஓய்வு சொன்னார் என்று சொல்லலாம். சொன்னால் அன்று மாலையே ஆரஞ்சும் ரொட்டியுமாக ஆட்கள் வந்து பாறையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். படிக்கிறாள் என்றால் சிரிப்பார்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, மாலை போட்ட இரண்டு பேர் கறுப்பு வேட்டியோடு சவாரிக்கு வந்தார்கள். அன்று கார்த்திகை ஒன்றாம் தேதி. பக்கத்து ஆட்டோக்காரன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று வழி விட்டான். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அக்காவின் ஷெட்டுக்குப் போய், பிரசீதா ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை யாரிடமும் பேசாமல் தனியே இருக்க வேண்டும், நாற்பத்தொரு நாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாள். அதை வெளியே சொல்லக்கூடாது என்றேன். எதற்காக என்று கேட்டாள். அதையும் சொல்லக்கூடாது என்றேன். அக்கா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். எதற்காக என்று அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

அன்று மாலை ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, எந்தக் கெட்ட பழக்கமானாலும் மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்றார். எனக்கு ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர எந்தப் பழக்கமும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

பிரசீதாவிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். யாருக்காக நேர்ச்சை என்று ஊரில் பேசுகிறார்கள் என்று கேட்டாள். எனக்காக என்றேன். “அது பொய் இல்லியே” என்று சொல்லிவிட்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நேர்ச்சை வேலை செய்தது. ரோசம்மா கிறிஸ்தவர், அவருக்கும் நேர்ச்சை நேர்ச்சைதான். மாத்திரைகளைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். சில நாள் எலுமிச்சைச் சாயாவைப் பாறைக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனாராம். காய் சீவ ஆள் இல்லாமல் அக்கா திண்டாடினாள், ஆனாலும் பாதைப் பக்கம் சத்தமாகப் பேசக்கூடாது என்று மற்றப் பெண்களை அடக்கினாள். அனகா வேர்த்த தோசையை முணுமுணுக்காமல் தின்றாள். நடுவில் ஒருத்தி, தன் மகனுடைய விசாவையும் நேர்ச்சையில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டாள். இன்னும் ஒரு மாதம் போனால் அந்தப் பாறைக்கு ஒரு விளக்கும் உண்டியலும் வந்திருக்கும்.

மரத்தில் புதிதாக ஒரு காயமும் விழவில்லை. நான் தினமும் போய்ப் பார்த்தேன், மதியத்துக்கு மேல், அவள் இல்லாத நேரத்தில்.

நாற்பதாவது நாள் பிரசீதாவிடம், நாளைக்கு மறுநாள் என்ன செய்வது என்று கேட்டேன். நேர்ச்சையை இன்னொரு மண்டலத்துக்கு நீட்டலாமா என்ற யோசனையும் எனக்கு இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க கெட்டினது. நீங்களே அவுத்து விடுங்க.”

நாற்பத்திரண்டாம் நாள் ஏழேகால் மணிக்கு அக்கா எங்கள் முற்றத்தில் நின்றாள். கையில் காய் சீவுகிற பலகை. புது வருடத்துக்குக் கடைகளில் நிறையச் சிப்ஸ் கேட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை, நேர்ச்சைதான் முடிந்துவிட்டதே, மேடு ஏற எனக்கு ஆகாது, என்னைத் தோட்டத்துக்குக் கொண்டு விடு, பிரசீதாவை வெட்டு முடிந்ததும் கையோடு கூட்டி வருகிறேன் என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தும் விட்டாள். நான் வண்டியை எடுத்தேன். அக்கா எட்டு வயது மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள், அவளிடம் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. இல்லை என்ற சொல் என் வாயில்தான் இருக்கிறது என்று சொன்னேனே, அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற சொல்.

வளைவு வரைக்கும் போனேன். அன்று நான் ஒளிந்து ஏறுவதற்காக நிறுத்தின அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மேலே மரங்களுக்கு நடுவில் பிரசீதாவின் தலைத் துண்டு தெரிந்தது. கடைசி வரிசையில் நிற்கிறாள் போல.

“அக்கா, நேர்ச்சை ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய் ஆக்கும்.”

பின்னால் அக்கா பலகையை மடியிலிருந்து இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

“அவ அங்க சும்மா இருக்கா. நேத்தும் சும்மா இருந்தா, இனியும் சும்மா இருப்பா. அவளுக்கு அது வேணும். காய் நான் சீவித் தாறேன். தோளுக்கு மேல கை எழும்பாது, பலகைக்கு எழும்பும்.”

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம் சிவந்திருந்தது. கடவுள் பெயரில் பொய் சொன்னதற்கு ஒரு கோபம், அந்தப் பொய்க்கு அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டதற்கு இன்னொரு கோபம். இரண்டும் நியாயம்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. கீழே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள், அவ்வளவுதான்.

காலை ஓட்டம்தான் ஆட்டோக்காரனுக்கு ஓட்டம். அன்று வண்டியை அக்காவின் முற்றத்தில் போட்டுவிட்டு, ஷெட்டின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு குலையை என் முன்னால் தூக்கிப் போட்டாள். தோலை உரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டு, எடுத்துப் பலகையில் சீவ வேண்டும். நான் வழக்கம்போல ஏதோ ஒரு கதையை ஆரம்பித்தேன். யாரும் திரும்பவில்லை. அக்கா பேசாவிட்டால் அந்த ஷெட்டில் மற்றவர்களும் பேச மாட்டார்கள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் எனக்கு உடம்பெல்லாம் ஊறல் எடுத்தது. போனை எடுத்துப் பார்க்கலாம் என்றால் கை முழுக்க வாழைக்கறை. சொல்ல வேண்டியவை எல்லாம் வாய்க்குள் வரிசையில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக அவை எங்கேயோ போய்விட்டன. எண்ணெயில் காய் விழுகிற சத்தம், பலகையில் கத்தி போகிற சத்தம், வெளியே ஒரு பஸ். அப்படியே சீவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது மணி பத்து ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது, தோள் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நான் கை கழுவிக் கிளம்பும்போது அக்கா சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நாளைக்கும் ஏழே முக்காலுக்கு வந்திரு. அவ இருக்கட்டும்.”

மதியம் பிரசீதா வீட்டுக்கு வந்தபோது என் விரல்களின் கறையைப் பார்த்தாள். எங்கே போயிருந்தேன் என்று கேட்டாள், சொன்னேன். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“ரெண்டு மணிக்கூர் ஒண்ணும் மிண்டல்ல. நானும் மிண்டல்ல.”

“எப்படி இருந்தது?”

யோசித்தேன். முதலில் சங்கடமாக இருந்தது, பின்னே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பின்னே என்ன என்று அவள் கேட்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு கால் கழுவப் போனாள்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தேன். தோசை வேர்த்திருந்தது. நாலையும் தின்றுவிட்டு ஏழரைக்கு அக்காவின் ஷெட்டுக்குக் கிளம்பினேன்.